புலமைப்பரிசில் வேறு, உதவிப்பணம் வேறு: கட்டணப் பாடசாலையில் அந்தக் காசு எங்கிருந்து வருகிறது?

“பிள்ளைக்கு ஸ்கொலர்ஷிப் கிடைச்சிருக்கு.”

ஹட்டன் பஸ் நிலையத்தில் இந்தப் பேச்சு காதில் விழுந்தால், கிடைத்திருப்பது எது என்று ஊகிக்கவே முடியாது. அரசின் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டியிருக்கலாம். டவுனில் உள்ள ஒரு சர்வதேசப் பாடசாலை மாதக் கட்டணத்தில் பாதியைக் குறைத்திருக்கலாம். ரகர் நன்றாக விளையாடுகிறான் என்று கண்டிப் பக்கத்துப் பாடசாலை ஒன்று கூப்பிட்டிருக்கலாம். கனடாவில் இருக்கும் யாரோ ஒருவர் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் காசு அனுப்பியிருக்கவும் கூடும். எல்லாவற்றுக்கும் நம்மிடம் ஒரே சொல்தான்.

கட்டணம் வாங்கும் ஒரு பாடசாலையின் உதவிக்குழுவில் சில வருடம் உட்கார்ந்து விண்ணப்பங்கள் வாசித்தவன் நான். வந்த சண்டைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே சொல்லால் வந்தவை. கொடுப்பவர் ஒன்றை நினைத்துக் கொடுப்பார், வாங்குபவர் வேறொன்றை நினைத்து வாங்குவார், பக்கத்து வீட்டுக்காரர் மூன்றாவதாக ஒன்றை நினைத்துப் பொருமுவார். அதனால் அடியிலிருந்து பார்ப்போம்.

மாமாவின் ஆயிரம் ரூபா, அம்மாவின் முட்டை

வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தால் மாமா ஆயிரம் ரூபா கொடுக்கிறார். அது பரிசு. மாமா நம் வீட்டுப் பானையில் அரிசி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை, மார்க்ஸைத்தான் பார்க்கிறார். அதே வீட்டில் காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளைக்கு மட்டும் அம்மா ஒரு முட்டை அவித்துக் கொடுக்கிறாள். அவள் மார்க்ஸ் பார்ப்பதில்லை. மற்றப் பிள்ளைகள் முகத்தைத் தூக்கினாலும், ஏன் அவனுக்கு மட்டும் என்று அவர்களுக்கே தெரியும்.

முதலாவதுக்குப் பெயர் திறமைப் புலமைப்பரிசில்: படிப்பு, விளையாட்டு, இசை என்று ஏதோ ஒன்றில் பிள்ளை காட்டிய திறமைக்காகக் கொடுப்பது. இரண்டாவதுக்குப் பெயர் தேவை அடிப்படை உதவி: குடும்பத்தால் எவ்வளவு கட்ட முடியவில்லையோ அதை ஈடுகட்டக் கொடுப்பது. வேடிக்கை என்னவென்றால், நமக்கு மிகவும் பழக்கமான தரம் 5 புலமைப்பரிசிலுக்குள் இந்த இரண்டுமே ஒளிந்திருக்கின்றன. பிரபல பாடசாலையில் இடம் கிடைப்பது புள்ளியைப் பார்த்து. மாதாமாதம் வரும் பணமோ புள்ளியோடு சேர்த்துக் குடும்ப வருமானத்தையும் பார்த்து. கூடிய புள்ளி எடுத்த கடைக்காரர் மகனுக்குப் பணம் வராமல், அவனை விடக் குறைந்த புள்ளி எடுத்த தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு வருவது இதனால்தான். அநியாயம் ஒன்றும் நடக்கவில்லை.

அந்தத் திட்டத்தின் வேர் 1940களில், அன்றைய கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்விக் காலத்தில் இருக்கிறது. கெட்டிக்காரக் கிராமத்துப் பிள்ளைகளை மத்திய கல்லூரிகளுக்குக் கொண்டுவந்து, விடுதியில் தங்கவைத்துப் படிப்பிப்பதுதான் யோசனை. திறமையும் தேவையும் ஒரே பிள்ளையிடம் சந்திக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். நம் மலையகத் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில் என்பதால், அந்த வண்டி நம் பக்கம் வந்து நின்றபோது மற்றவர்கள் வெகுதூரம் போய்விட்டார்கள். அது தனிக் கதை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பரிசு பிள்ளையைப் பார்க்கிறது, உதவி குடும்பத்தைப் பார்க்கிறது. பெயர் மட்டும் ஒன்று.

யாரைக் கட்டணப் பாடசாலை என்கிறோம்

ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும் பாடசாலையைப் பற்றி இங்கே பேச்சில்லை. கண்டியில் 1872இல் தொடங்கிய திரித்துவக் கல்லூரி, 1890இல் தொடங்கிய ஹில்வூட் போன்ற பழைய தனியார் பாடசாலைகள் ஒரு வகை. கம்பனியாகப் பதிவு செய்துகொண்டு நடக்கும் சர்வதேசப் பாடசாலைகள் இன்னொரு வகை. ஹட்டன், நுவரெலியா, பதுளை என்று நம் டவுன்களில் இப்போது நிறையப் பார்க்கிறோம். பழையவற்றுக்குப் பல தலைமுறைப் பழைய மாணவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். புதியவற்றுக்குப் பெற்றோர் மட்டும்தான். இந்த வித்தியாசம் பிறகு தேவைப்படும்.

தேவை என்பது ஒரு கழித்தல் கணக்கு

“நாங்க கஷ்டப்பட்ட குடும்பம்” என்று விண்ணப்பத்தில் எழுதுவார்கள். உண்மைதான், ஆனால் கணக்குக்கு அது போதாது. தேவை என்பது ஆம், இல்லை என்று முடிகிற விஷயமில்லை. 2023இல் வந்த அஸ்வெசும என்ற அரசு உதவித் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என்று நான்கு படிகளோடுதான் அது தொடங்கியது. எந்தப் படி என்பதில்தான் மேன்முறையீடு எல்லாம் நடந்தது. பாடசாலை உதவியும் அப்படித்தான், படிகள் மட்டும் இன்னும் நுணுக்கம்.

கணக்கு இது: பிள்ளை படிக்க ஆகும் முழுச் செலவு, அதில் குடும்பத்தால் கட்டக்கூடியதைக் கழிக்க, மிச்சம் தேவை.

உதாரணத்துக்கு ஒரு பாடசாலை. மாதக் கட்டணம் 20,000, வருடத்துக்கு 240,000. ஸ்கூல் வேன் மாதம் 7,000, வருடத்துக்கு 84,000. யூனிபோம், சப்பாத்து, ஸ்வெட்டர், புத்தகம், பரீட்சைக் கட்டணம் எல்லாம் 36,000. மொத்தம் 360,000 ரூபா. குடும்பம் மாதம் 6,000 கட்டலாம் என்றால் வருடத்துக்கு 72,000. ஆக, தேவை 288,000.

இப்போது அந்தப் பாடசாலை “அரைவாசிப் புலமைப்பரிசில்” தருகிறது. கட்டணத்தில் பாதி, 120,000. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் 288,000இல் 120,000 போனால் இன்னும் 168,000 நிற்கிறது. மாதத்துக்கு 14,000. ஏற்கெனவே கட்ட முடியும் என்று சொன்ன 6,000க்கு மேலதிகமாக இது.

“சேர், அரைவாசி ஃபீஸ் இல்லன்னு சொன்னாங்க. மிச்சத்த எப்படியாச்சும் பொரட்டிடலாம்னு நெனச்சேன். வேன் காசு தான் என்னைய கவுத்துருச்சு” என்று ஒரு தகப்பன் என்னிடம் சொன்னார். அவர் மகள் இரண்டாம் தவணையோடு நின்றுவிட்டாள். விண்ணப்பப் படிவத்தில் வேன் என்ற சொல்லே இருக்கவில்லை. பஸ் வராத தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைக்கு வேன்தான் பாடசாலை வாசல். அதை விட்டுவிட்டுக் கணக்குப் போடுபவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்களோ!

சுருக்கமாக, கட்டணம் செலவின் ஒரு பகுதிதான். “எத்தனை வீதம் குறைத்தார்கள்” என்பதை விட “இன்னும் எவ்வளவு நிற்கிறது” என்பதுதான் கேட்க வேண்டியது.

ஒரு சம்பளச் சீட்டை எப்படி வாசிப்பது

குடும்பத்தால் எவ்வளவு கட்ட முடியும் என்பதை யார் சொல்வது? இங்கேதான் மலையகத்துக்கு வெளியே இருந்து வரும் நல்ல மனிதர்களும் தடுக்கி விழுகிறார்கள். ஒரு சீட்டை எடுத்துப் பார்க்கலாம். பொலித்தீன் உறைக்குள் நாலாக மடித்து, மடிப்பில் எழுத்து அழிந்து வரும் அந்தச் சீட்டை.

2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபா. கணக்கு விளங்குவதற்கு அதையே வைத்துக்கொள்வோம். சம்பளம் கூடினாலும் கணக்கின் வடிவம் மாறாது. மாதம் 22 பேர் விழுந்திருக்கிறது என்றால் 29,700. (தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு: ‘பேர்’ என்றால் ஒரு நாள் வேலை செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் பதிவாவது. கொழுந்து சொன்ன கிலோவுக்குக் குறைந்தால் அரைப்பேர்தான். 22 நாள் மலைக்குப் போனவளுக்கு 22 பேர் விழும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.) அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், 2,376 போகும். மிச்சம் 27,324. பிறகு தீபாவளி முற்பணம் 2,000, கடன் தவணை 4,500, சங்கச் சந்தா, கோயில், சலவை என்று 824. கைக்கு வருவது சரியாக 20,000. உதாரணம் என்பதால்தான் இவ்வளவு ஒழுங்காக வருகிறது.

இப்போது எது வருமானம்? 29,700 என்று எடுத்தால் குடும்பத்துக்கு அநியாயம், அதில் சேமலாப நிதிப் பணம் கையைத் தொடவே இல்லை. 20,000 என்று எடுத்தால் இன்னொரு குடும்பத்துக்கு அநியாயம். ஏனென்றால் தீபாவளி முற்பணம் வெட்டுப்போன காசு கிடையாது. ஏற்கெனவே வாங்கி, துணி எடுத்து, ஆட்டிறைச்சி சமைத்துச் சாப்பிட்டாயிற்று. அது இப்போது திரும்பப் போகிறது, அவ்வளவுதான். கடன் தவணை நடுவில் நிற்கிறது. எதற்கு வாங்கிய கடன் என்று கேட்க வேண்டும். அம்மாவின் ஒபரேஷனுக்கு வாங்கியது என்றால் நான் கழித்துவிடுவேன். பெரிய டீவிக்கு என்றால் கழிக்க மாட்டேன். இதைச் சொன்னதற்குக் குழுவில் என்னோடு ஒருவர் ஒரு மாதம் பேசவில்லை.

இன்னும் இரண்டு விஷயம். ஒரு மாதச் சீட்டு எதையும் காட்டாது. கொழுந்து கொட்டும் மாதத்துச் சீட்டைக் கொண்டுவந்தால் குடும்பம் வசதியாகத் தெரியும், பனி அடிக்கும் தை மாசியில் எடுத்தால் ஏழையாகத் தெரியும். ஆறு மாதச் சீட்டு கேட்பதே முறை. அப்புறம், சீட்டு பெரும்பாலும் அம்மாவுடையது. அப்பா கொழும்பில் கடையில் நிற்பார், அல்லது மரக்கறித் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போவார். அதற்குச் சீட்டு கிடையாது. நுவரெலியாப் பக்கம் கந்தப்பளையில் லீக்ஸ் போடும் குடும்பத்துக்கோ, ஒரு போகத்தில் கை நிறையக் காசு, அடுத்த போகத்தில் லொறிக் கூலிக்கும் காணாது. இவர்களிடம் சீட்டு கேட்டுப் பிரயோசனம் இல்லை. உட்கார்ந்து பேசித்தான் ஒரு வருடக் கணக்கை எடுக்க வேண்டும். சீட்டு உள்ளவரின் ஒவ்வொரு ரூபாவும் வெளிச்சத்தில் இருக்கிறது, இல்லாதவரின் காசு இருட்டில் இருக்கிறது. உதவி முறைகளில் நடக்கும் பெரிய அநியாயம் இதுதான் என்பது என் எண்ணம். பொய் சொல்லி வாங்குபவர்கள் எல்லாரும் நினைப்பதை விடக் குறைவு.

காசு எந்த வாய்க்காலால் வருகிறது

“பாடசாலை கொடுக்கிறது” என்கிறோம். பாடசாலையிடம் காசு அச்சடிக்கும் இயந்திரம் இல்லை. மூன்று வழிதான்.

முதல் வழி, கட்டண விலக்கு: காசு எங்கிருந்தும் வராது, வாங்க வேண்டியதை வாங்காமல் விடுவது. ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் பஸ்ஸை யோசியுங்கள். நாற்பது சீட், முப்பது பேர் ஏறியிருக்கிறார்கள். வெற்று சீட்டில் ஒரு பிள்ளையை இலவசமாக ஏற்றினால் டீசல் கூடாது. ஐந்து பிள்ளைகளை ஏற்றினாலும் அதேதான். ஆனால் சீட் எல்லாம் நிரம்பியபின் இலவசமாக ஏறும் ஒவ்வொருவரும் ஒரு டிக்கட்டைத் தின்கிறார். எல்லாரும் இலவசம் என்றால் பஸ் டிப்போவை விட்டே கிளம்பாது. இருபத்தைந்து பேர் வகுப்பில் பத்தொன்பது பேர் இருக்கும்போது ஆசிரியர் சம்பளம், கரன்ட் பில் எதுவும் ஒரு பிள்ளையால் மாறுவதில்லை. புதிய பாடசாலைகள் தாராளமாகச் சலுகை கொடுப்பது இதனால்தான். வகுப்பு நிரம்பியதும் அந்தத் தாராளம் மெல்லக் காணாமல் போவதும் இதனால்தான்.

“எங்க காசுலதான் அதுங்க படிக்குதுங்க” என்று சில பெற்றோர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இடம் காலியாக இருக்கும்வரை அது பொய். நிரம்பியபின் மெய்.

இரண்டாவது வழி, வருடாந்த நன்கொடை: பழைய மாணவர், கோயில், ரோட்டரி, வெளிநாட்டு உறவினர் இந்த வருடம் கொடுத்து இந்த வருடமே செலவாவது. கைக்கு உடனே வரும், அதுதான் அதன் நல்ல குணம். 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் நின்றபோது 500 டொலர் ஒரு இலட்சம். அதே வருட நடுவில் டொலர் 360 ரூபாவைத் தொட்டபோது அதே 500 டொலர் 180,000 ஆயிற்று. ஆனால் சர்வதேசப் பாடசாலைப் பிள்ளைகள் எழுதும் இலண்டன் பரீட்சைக்குக் கட்டும் காசு பிரித்தானியப் பவுனில் என்பதால் அதுவும் சேர்ந்தே ஏறியது. கெட்ட குணம், அடுத்த வருடம் வருமா என்று தெரியாது. தரம் 6இல் சேரும் பிள்ளை உயர்தரம் முடிக்க எட்டு வருடம். ஒரு வருடத்துக் காசை வைத்து எட்டு வருடத்துக்குப் பிள்ளையைச் சேர்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். தரம் 8இல் கொடுப்பவர் கை விரித்தார். பிள்ளைக்கு அரசுப் பாடசாலைக்குத் திரும்பிப் போக வெட்கம், மொழிமூலமும் வேறு. வீட்டிலேயே ஒரு வருடம் இருந்தது.

நன்கொடையில் இன்னொரு சிக்கலும் உண்டு. “என் தாத்தா பிறந்த தோட்டத்துப் பிள்ளைக்கு மட்டும்” என்று ஒருவர் கொடுப்பார். அந்தத் தோட்டத்திலிருந்து அந்த வருடம் யாரும் விண்ணப்பிக்க மாட்டார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை வாசலில் நிற்க, காசு வங்கியில் தூங்கும்.

மூன்றாவது வழி, நிலைநிதி: முதலைத் தொடாமல், அதிலிருந்து வரும் வருமானத்தை மட்டும் செலவழிக்கும் நிதி. நமக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. தேயிலைச் செடி. இரண்டு இலையும் மொட்டும் கிள்ளுகிறோம், செடியை வெட்டி அடுப்பில் வைப்பதில்லை. கிள்ளுவதற்கும் அளவு உண்டு. முற்றிய இலையையும் சேர்த்து உருவினால் அடுத்த சுற்றுக்குக் கொழுந்து வராது. சில வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி, கொஞ்ச காலம் ஒன்றும் எடுக்காமல் விடவும் வேண்டும்.

காசுக்கு இது எப்படிப் பொருந்துகிறது? மேலே பார்த்த பிள்ளைக்கு வருடம் 288,000 வேண்டும். நிலையான வைப்புக்கு 9 வீத வட்டி என்று வைத்தால் 32 இலட்சம் போதும் போலத் தெரியும். வட்டி முழுவதையும் செலவழித்தால் 32 இலட்சம் அப்படியே 32 இலட்சமாகத்தான் இருக்கும். கட்டணமோ வருடா வருடம் ஏறும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டி ஒரு வருடத்துக்கு முன்பிருந்ததை விட ஏறக்குறைய 70 வீதம் மேலே நின்றது. கொப்பி விலையைக் கேட்டுவிட்டுக் கடைக்காரரோடு சண்டை போட்ட காலம். அந்த வேளையில் வைப்பு வட்டி 20 வீதத்தைத் தாண்டியதைப் பார்த்து “நிதி நல்லா வளருது” என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. உள்ளே செடி கருகிக்கொண்டிருந்தது. பிறகு வட்டி ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது, கட்டணங்கள் இறங்கவில்லை.

அதனால் 9 வீதம் வந்தாலும் 4 வீதத்தை மட்டும் செலவழித்து, மிச்சத்தை முதலோடு சேர்ப்பார்கள். அப்படிப் பார்த்தால் ஒரே ஒரு பிள்ளைக்கு 72 இலட்சம் வேண்டும். ஐந்து இலட்சம் கொடுத்து “நித்தியப் புலமைப்பரிசில்” என்று பெயர்ப்பலகை கேட்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டினால் முகம் சுருங்குகிறது. 4 வீதத்தில் ஐந்து இலட்சம் தருவது வருடத்துக்கு 20,000. சப்பாத்தும் ஸ்வெட்டரும் வாங்கலாம். அதையும் குறைவாக நினைக்க வேண்டாம், சப்பாத்து இல்லாமல் நின்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். பெயரைத்தான் சரியாக வைக்க வேண்டும்.

மூன்றையும் சேர்த்துச் சொன்னால், விலக்கு காலி சீட்டை நம்பியது, நன்கொடை மனதை நம்பியது, நிலைநிதி முதலையும் பொறுமையையும் நம்பியது. பழைய பாடசாலைக்கு மூன்றாவது வழி ஓரளவு கைகூடும். புதியதுக்கு முதலாவதுதான், கொஞ்சம் இரண்டாவது.

ஆளுக்குக் கொஞ்சமா, சிலருக்கு முழுதாகவா

நிதியில் பத்து இலட்சம் இருக்கிறது, விண்ணப்பம் இருபது. ஆளுக்கு ஐம்பதாயிரம் என்று பகிர்ந்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள், ஆண்டறிக்கையில் “இருபது பிள்ளைகள்” என்று எழுதலாம், மேடையில் வரிசையாக நிற்க வைத்துப் படமும் எடுக்கலாம். ஆனால் 288,000 தேவைப்பட்ட பிள்ளைக்கு ஐம்பதாயிரம் கொடுப்பது, ஆற்றின் கால்வாசிக்குக்கூட எட்டாத பாலம் போடுவதுதான். கணக்குப்படி அந்தப் பத்து இலட்சம் மூன்று பிள்ளைகளுக்குத்தான் முழுதாகக் காணும். மிச்சப் பதினேழு பேருக்கு இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். நான் மூன்று பேர் பக்கம். சிறிய தொகையால் உண்மையிலேயே கரையேறும் குடும்பங்களும் உண்டு, வேன் காசு மட்டும் இடிக்கிறவர்கள். அவர்களை முதலில் பார்த்துவிட்டு மிச்சத்தை முழுதாகக் கொடுப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். மேடைப் படத்தை மட்டும் விட்டுவிடலாம். யார் உதவியில் படிக்கிறார்கள் என்பது வகுப்பில் மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியவே கூடாது.

விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு

கையொப்பம் போடுவதற்கு முன் அலுவலகத்தில் கேளுங்கள்: இது எத்தனை வருடத்துக்கு? ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டுமா? புள்ளி குறைந்தால் நிறுத்துவார்களா? (நிறுத்துவார்கள் என்றால் அது பரிசு, உதவி என்று பெயர் வைத்திருந்தாலும்.) அனுமதிக் கட்டணம், வேன், பரீட்சைக் காசு இதில் சேருமா? கட்டணம் ஏறினால் உதவியும் ஏறுமா, அல்லது முதல் வருடத்துத் தொகையே நிற்குமா? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, மூன்றாம் வருடத்தில் கடிப்பது அதுதான். பதிலைக் கடிதத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு அதிபர் மாறும்வரைதான்.

விண்ணப்பத்தோடு கிராம சேவகர் சான்றிதழ் மட்டும் வைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். அதில் உங்கள் ஊர் தெரியும், நீங்கள் கஷ்டப்பட்டவர் என்பது தெரியும், எவ்வளவு என்பது தெரியாது. ஆறு மாதச் சம்பளச் சீட்டு வையுங்கள். சீட்டு இல்லாத வருமானத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள், மறைத்தால் ஊரில் யாராவது சொல்லிவிடுவார்கள், பிறகு சொன்னது எல்லாமே பொய்யாகிவிடும். கடன் எதற்கு வாங்கியது என்று ஒரு வரி. மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று நீங்களாகவே ஒரு தொகை. “எதுவும் முடியாது” என்பதை விட “3,000 முடியும்” என்று எழுதியவரின் தாளை நான் இரண்டு தடவை வாசித்திருக்கிறேன். தீபாவளி முற்பணத்தைச் சிவப்புப் பேனையால் அடிக்கோடு போட்டுக் காட்ட வேண்டாம், அது எங்களுக்கும் தெரியும்.